டிபன் பாக்ஸ், நாலு நாற்காலி, ஒரு கச்சேரி! - மதுரைக் கல்லூரிகளின் மதிய இடைவேளைக்கு ‘நால்வர் வயலின்’ வருமா?

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அனுமந்தராயன் கோயில் தெரு. மண்ணைக் குழைத்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை யாரோ வந்து தூக்கினார்கள். கையைக் கழுவிவிட்டு, அருகிலிருந்த சேதுபதி பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவளின் அம்மா வீணை வாசித்துக்கொண்டிருந்தார். எதிரே ஐம்பது பேர், மிஞ்சினால் நூறு பேர். அம்மா பாடச் சொன்னார். இரண்டு பாட்டு பாடினாள். அவ்வளவுதான்... மறுபடியும் மண் விளையாட்டு!

வீட்டில் ‘குஞ்சம்மா’ என்று அழைக்கப்பட்ட அந்தச் சிறுமிதான், 1916-ல் மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி. அம்மா சண்முகவடிவு, வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள், வயலின் கலைஞர். பின்னாளில் உலக மேடைகளில் பாடிய எம்.எஸ்., தன் முதல் மேடையாக நினைவுகூர்ந்தது இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான். 1904-ல் பாரதியார் தமிழாசிரியராக வேலை பார்த்ததும் இதே சேதுபதி பள்ளியில்தான்.

பெரிய சபா இல்லை, டிக்கெட் இல்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கச்சேரி. இன்று மதுரைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு அப்படியொரு கச்சேரி கிடைக்குமா?

குண்டுகளுக்கு நடுவே ஒரு மணிக் கச்சேரி

மதிய இடைவேளையில் கச்சேரி என்றதும், ‘சாப்பிடுற நேரத்துல பாட்டா?’ என்று தோன்றலாம். ஆனால், மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இது சர்வசாதாரணம். முக்கால் மணி நேரம் கச்சேரி, பெரும்பாலும் இலவசம். கேட்டு முடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடலாம்.

மதியக் கச்சேரிகளில் மிகவும் புகழ்பெற்றவை போர்க்காலத்தில் நடந்தவை. 1939-ல் இரண்டாம் உலகப்போர் மூண்டதும் லண்டனில் இசை அரங்குகள் மூடப்பட்டன. நேஷனல் கேலரியின் ஓவியங்களைப் பாதுகாப்புக்காக வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் சுவர்களோடு நின்ற அந்தக் கட்டடத்தில் கச்சேரி நடத்தலாம் என்று கிளம்பினார் பியானோ கலைஞர் மைரா ஹெஸ். 1939 அக்டோபர் 10-ம் தேதி முதல் கச்சேரி. கட்டணம் ஒரு ஷில்லிங். அலுவலக ஊழியர்களும் ராணுவ வீரர்களும் சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்தார்கள். குண்டு விழுந்த நாள்களில் கச்சேரி அடித்தளத்துக்கு இடம் மாறியதே தவிர, நிற்கவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறரை ஆண்டுகள், ஏறத்தாழ 1,700 கச்சேரிகள். கேட்டவர்கள் ஏழரை லட்சத்துக்கும் அதிகம்!

நாலு பேர் பேசிக்கொள்ளும் இசை

இப்படிப்பட்ட சின்னக் கச்சேரிகளுக்கென்றே அமைந்ததுபோல ஒரு குழு உண்டு. அதுதான் ‘ஸ்டிரிங் குவார்டெட்’. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. வயோலா, வயலினைவிடச் சற்றுப் பெரியது. குரலும் கொஞ்சம் கனம். செல்லோவைத் தரையில் ஊன்றி, கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்க வேண்டும். ஆண் குரல்போல ஆழமாக ஒலிக்கும்.

இந்த நால்வருக்கும் எதிரே கையசைத்து வழிநடத்த யாரும் கிடையாது. ஒருவர் மூச்சிழுப்பதை மற்றவர் கவனிக்க வேண்டும். வில் தூக்கும் விதத்தைப் பார்த்தே அடுத்தவர் தொடங்க வேண்டும். திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவதுபோல ஒருவர் சொல்ல, இன்னொருவர் ஆமோதிக்க, மூன்றாமவர் மறுக்க, பேச்சு நகரும். 18-ம் நூற்றாண்டில் ஆஸ்திரியாவின் ஹைடன் இந்த வடிவத்துக்கு 68 படைப்புகள் எழுதினார். ‘ஸ்டிரிங் குவார்டெட்டின் தந்தை’ என்றே அவருக்குப் பெயர்.

இந்த இசை பிறந்தது வீட்டுக் கூடங்களுக்காக. அதனால் மைக் தேவையில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் வில், தந்தியில் உரசும் சத்தம்கூட இசையாகக் கேட்கும்.

எட்டயபுரம் வந்த வயலின்

‘அது வெள்ளைக்காரங்க இசை, நமக்கு எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கு வயலினே பதில் சொல்லும். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அதுவும் வெள்ளைக்காரர்களின் வாத்தியம்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859), சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டு கர்நாடக இசைக்குப் பழக்கினார். பிறகு, மதுரைக்குத் தெற்கே கரிசல் பூமியான எட்டயபுரத்தில் சமஸ்தான வித்வான் ஆனார். இன்னொரு பக்கம் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, வயலினில் பெரும் பெயரெடுத்தார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்குத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

தாடைக்கடியில் இடுக்கி நின்று வாசித்த வாத்தியம், இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, கணுக்காலில் தலை சாய்த்துக்கொண்டது. இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைப் பார்ப்பதே அபூர்வம்.

பண்ணைப்புரம் போட்ட பாதை

பல வயலின்கள் ஒன்றுசேர்ந்து ஒலிப்பதைத் தமிழ்நாட்டின் டீக்கடைகளுக்கும் டவுன் பஸ்களுக்கும் கொண்டுவந்தது சினிமா. அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர், அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பிய இளையராஜா. 1986-ல் அவர் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ ஆல்பத்தை தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பித்திருந்தார். 2025 மார்ச் 8-ம் தேதி, லண்டனில் தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார்.

‘ஹௌ டு நேம் இட்’டில் ஒலிக்கும் அந்த வயலின் யாருடையது தெரியுமா? வி.எஸ்.நரசிம்மன். கே.பாலசந்தரின் ‘அச்சமில்லை அச்சமில்லை’ (1984) படத்துக்கு இசையமைத்தவரும் இவர்தான்.

ஒருகாலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் காலை முதல் இரவு வரை வயலின் கலைஞர்களுக்கு வேலை இருந்தது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு, பத்துப் பேர் வாசித்ததை ஒருவர் விரலால் அழுத்தி எடுத்துவிட முடிந்தது. வாய்ப்புகள் சுருங்கின. அந்தக் கலைஞர்களுக்குள்ளிருந்து 1990-களில் நரசிம்மன் உருவாக்கிய குழுதான் ‘மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட்’. பாடல்களின் பின்னணியில், பெயர் தெரியாமல் ஒலித்தவர்கள், கேட்பவர்களின் கண்ணெதிரே வந்து அமர்ந்தார்கள்.

அவர்கள் எடுத்துக்கொண்டது கர்நாடக இசையின் கீர்த்தனைகளை. இது சுலபமான வேலையல்ல. நம் ராகத்தில் ஸ்வரங்கள் அசைந்துகொண்டே இருக்கும். மேலை இசையில் பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் அசையாமல் நின்று ஒலிக்கும். ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரம் உள்ளே நுழைந்தால், ராகமே மாறிப்போகும். முதல் வயலின் கீர்த்தனையை அதன் கமகங்களோடு பாட, மற்ற மூன்றும் அதைக் கலைக்காமல் சுற்றிலும் கோலம் போட வேண்டும். அதைத்தான் இந்தக் குழு செய்து காட்டியது.

கல்லூரி வாசலுக்கே வரும் கலைஞர்கள்

இசையைக் கல்லூரிக்குள் கொண்டுபோகும் வேலையை இந்தியாவில் 1977-லேயே தொடங்கிவிட்டது ‘ஸ்பிக் மேக்கே’ அமைப்பு. டெல்லி ஐ.ஐ.டி பேராசிரியர் கிரண் சேத் ஆரம்பித்தது. அமெரிக்காவில் படித்தபோது ஒரு துருபத் கச்சேரியைக் கேட்டவர், அந்த அனுபவம் நம் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். கலைஞர்கள் வாசிப்பார்கள், விளக்குவார்கள், மாணவர்கள் கேள்வி கேட்கலாம். அனுமதி இலவசம். எழுபது வயதைத் தாண்டியும், 2022-ல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிளிலேயே கிளம்பி இதைப் பரப்பினார் கிரண் சேத்.

மதுரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. 1881-ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948-ல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, அதற்கு அடுத்த ஆண்டே வந்த தியாகராசர் கல்லூரி, நாகமலை அடிவாரத்தில் காமராசர் பல்கலைக்கழகம், பசுமலையில் அரசு இசைக் கல்லூரி. வருடா வருடம் கல்லூரி விழாக்கள் களைகட்டும் ஊர் இது. ஆனால், விழா மேடையில் ஒலிபெருக்கியோடு கேட்பது வேறு. பத்தடி தூரத்தில் ஒரு செல்லோ அதிர்வதை நெஞ்சில் உணர்வது வேறு.

இதற்குத் தேவைப்படுவது மிகக் குறைவு. கைப்பிடி இல்லாத நாலு நாற்காலி; கைப்பிடி இருந்தால் வில் இடிக்கும். இசைக்குறிப்பை வைக்க நாலு ஸ்டாண்டு. நிழலான ஒரு கூடம். மதுரை வெயிலில் தந்தியின் சுருதி மாறிவிடும். மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் தாள்கள் பறக்கும். மாணவர்கள் செய்ய வேண்டியது, போனை சைலன்ட்டில் போடுவது மட்டும்தான்.

அதுவரை ஒரு சின்னப் பயிற்சி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘ஹௌ டு நேம் இட்’டைப் போடுங்கள். முதல் முறை மேலே ஓடும் வயலினைக் கேளுங்கள். இரண்டாவது முறை, அதை மறந்துவிட்டு, அடியில் நடந்துபோகும் கனத்த குரலை மட்டும் பின்தொடருங்கள். ஏற்கெனவே கேட்ட பாட்டு, புதுப் பாட்டாகத் தெரியும்.

அன்று சேதுபதி பள்ளியில் ஐம்பது, நூறு பேர்தான் இருந்தார்கள். எதைக் கேட்கிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலுமாக ஒரு கல்லூரிக் கூடத்தில் வந்து உட்காரும் ஐம்பது பேருக்கும், அப்படியொரு மதியம் கிடைக்கட்டுமே!