வேலிக்குள் ஒரு வித்தை
(சக்கரம் சொன்ன கதை – 9)

ஜப்பான் சாலையில் மஞ்சள் நம்பர் பிளேட்டோடு ஒரு கார் போனால் அதை அளந்து பார்க்க வேண்டியதில்லை. நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள், இன்ஜின் 660 சிசிக்குள். ‘கெய்’ எனப்படும் இந்த வகையை உண்டாக்கியது கார் கம்பெனி அல்ல, அரசாங்கம். போரில் நொடித்துக் கிடந்த நாட்டில், 1949-இல் போட்ட விதி அது. அளவுகள் பிறகு படிப்படியாகக் கூடின. வரி குறைவு. பல கிராமப்புறங்களில், காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்கும் அலைச்சலும் கிடையாது.

சலுகை கிடைத்தால் வாங்குவார்கள், சரி. ஆசைப்பட்டு வாங்குகிறார்களே, அது ஏன்? வேலியை யாரோ போட்டுவிட்டார்கள், அதற்குள் என்ன வித்தை காட்டலாம் என்று இன்ஜினீயர்களுக்குப் பிடித்த பிடிவாதம்தான் காரணம் என்பேன். 1958-இல் வந்த சுபாரு 360-ஐ வடிவமைத்தவர் மொமோசே ஷின்ரோக்கு, போர்க்காலத்தில் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தவர். மூன்றே மீட்டர் நீள வண்டியில் நாலு பேரை உட்கார வைத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது 1979-இன் சுசுகி ஆல்டோ. விலை 4,70,000 யென், நாடு முழுக்க ஒரே விலை. பயணிகள் காருக்கு இருந்த வரி சரக்கு வண்டிக்கு இல்லை என்பதைப் பார்த்து, இதைச் சரக்கு வண்டியாகவே பதிவு செய்தார்கள். அதனால் பின்சீட்டு பேருக்குத்தான். கஞ்சத்தனம் அதோடு நிற்கவில்லை. டிரைவருக்கு மறுபக்கக் கதவில் சாவித் துவாரம் கிடையாது. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீச்ச மோட்டார் கிடையாது, கையால் அமுக்கும் பம்புதான். கடைக்கும் பள்ளிக்கும் போய்வரும் குடும்பத் தலைவிகளுக்கு இது போதும் என்று கணக்குப் போட்டார்கள், அமோகமாக விற்றது. நம்மூர் முதல் மாருதி 800, 1983 டிசம்பரில் வந்தது, இதன் உடன்பிறப்புதான். இங்கே அந்த வேலி இல்லாததால் 796 சிசி இன்ஜின்.

கையில் பணம் புரண்டபோது அதே வேலிக்குள் விளையாட்டு கார்களும் வந்தன. 1991-இல் ஹோண்டா பீட்: டர்போ இல்லாத 656 சிசி இன்ஜின், 8,100 சுற்றில் 64 குதிரைசக்தி. அடுத்த ஆண்டு ஆட்டோசாம் ஏஇசட்-1: கதவு இறக்கை மாதிரி மேலே விரியும், ஆனால் ஜன்னலில் திறப்பது சுங்கச் சீட்டு வாங்கக் கை நுழையும் அளவுக்குத்தான். வாங்கியவர்கள் குறைவு. இன்று அதைத் தேடி அலைகிறார்கள்.

நீள அகலத்தில் இடமில்லை என்றால் உயரத்தில் உண்டே! 1993-இல் வேகன் ஆர் அப்படித்தான் நிமிர்ந்து நின்றது. இன்று ஹோண்டா என்-பாக்ஸ் ஜப்பானில் அதிகம் விற்கும் கார்களில் ஒன்று.

ஆனால் அழகு என்று பார்த்தால் என் ஓட்டு கெய் லாரிக்கே. டிரைவர் கிட்டத்தட்ட முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். பின்தட்டின் மூன்று பக்கப் பலகைகளையும் கீழே இறக்கிவிடலாம். 350 கிலோ ஏற்றலாம். நெல்வயல் வரப்போரம் நுழையும். சில மாடல்களில் சேற்றில் ஊர்ந்து போகவென்றே தனி கியர்.

பழைய வண்டிகள் இப்போது கப்பலேறி அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போகின்றன. 25 வயது ஆகிவிட்டால் அங்கே இறக்குமதிக்குத் தடையில்லை. ஆனால் சாலையில் ஓட விடமாட்டோம் என்று சில மாநிலங்கள் முரண்டு பிடிக்கின்றன. அந்தத் தகராறு அடுத்த வாரம்.

(தொடரும்)