அவசரப்படுத்தும் குரல்

மருத்துவமனைகளில் நடந்த பழைய ஆய்வு ஒன்றை முதலில் கூறிவிடுகிறேன். 1966ஆம் ஆண்டில் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் தம் குழுவினருடன் அதை வெளியிட்டார். நோயாளர் பிரிவில் தனியாகப் பணியில் இருந்த 22 செவிலியருக்குத் தனித்தனியே ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. முன்பின் அறிந்திராத ஒருவர், தம்மை மருத்துவர் என்று கூறிக்கொண்டு, குறிப்பிட்ட நோயாளிக்கு ஒரு மருந்தை 20 மில்லிகிராம் அளவில் கொடுக்கும்படியும், தாம் பத்து நிமிடங்களில் வந்து கையொப்பமிடுவதாகவும் சொன்னார். ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் தரலாகாது என்று மருந்துப் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தது. தொலைபேசி வழி ஆணையை ஏற்கக்கூடாது என்பது விதி. எனினும் 21 செவிலியர் அதைக் கொடுக்கப் புறப்பட்டனர். ஆய்வுக்குழுவினர் அவர்களைத் தடுத்துவிட்டனர். உள்ளே இருந்ததும் தீங்கற்ற சர்க்கரையே.

அவர்கள் படிக்காதவர்கள் அல்லர், பொறுப்பற்றவர்களும் அல்லர். 1977இல் வேறு ஆய்வாளர்கள் இதே போன்ற சோதனையைச் சில மாற்றங்களுடன் செய்தனர். மருந்து செவிலியர் நன்கறிந்த ஒன்றாக இருந்தது. உடன் பணிபுரிபவரிடம் கலந்து பேசவும் வாய்ப்பு இருந்தது. அப்போது 18 பேரில் இருவர் மட்டுமே ஆணைக்கு இணங்கினர். என் பார்வையில், ஏமாற்றுக்காரர்களைப் பற்றி நாம் அறிய வேண்டியதில் பெரும்பகுதி இவ்விரு எண்களுக்கு இடையில் அடங்கியிருக்கிறது. அதிகாரமுள்ள குரல், நேர நெருக்கடி, தனிமை ஆகிய மூன்றும் சேரும்போது பயிற்சி பெற்றவரும் இணங்கிவிடுகிறார். அருகில் ஒருவரைக் கேட்க முடிந்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஆகவேதான், ஏமாந்தவரை ‘ஏமாளி’ என்று அழைக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடானது அன்று.

மருத்துவமனையில் நோயாளியுடன் இருப்பவருக்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்த்துவிடுகின்றன. இரவு உறக்கமில்லை, அச்சம் நெஞ்சை அழுத்துகிறது, முடிவெடுக்கும் பொறுப்பு ஒருவர் தலையிலேயே விழுகிறது. அந்நேரம் பார்த்து ஓர் அழைப்பு: “அம்மா, உங்க வீட்டுக்காரரோட டயாலிசிஸ் பில்லுக்கு இன்சூரன்ஸ் பணம் வந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல லைன் மூடிடும். இப்ப ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்க.” கணவரின் பெயர் சரியாக இருக்கிறது, சேர்க்கப்பட்ட தேதியும் சரியாக இருக்கிறது. பிறகு நம்பாமல் என்ன செய்வார்?

இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். நோயாளியின் பெயரும் நோயின் பெயரும் அறிந்திருப்பது எதற்கும் சான்றாகாது. காத்திருப்போர் கூடத்தில் நாம் உரக்கப் பேசுகிறோம். ஆய்வகச் சீட்டைக் குப்பைத்தொட்டியில் போடுகிறோம். உதவி வேண்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியில் பெயர், வார்டு, கைப்பேசி எண் அனைத்தையும் எழுதிவிடுகிறோம். அது எத்தனை கை மாறுகிறது என்பதை யாரும் அறியார். மேலும், உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் வருவதற்கு ஓடிபியோ யூபிஐ பின் எண்ணோ தேவையே இல்லை. பின் எண் என்பது பணம் வெளியே செல்வதற்கான சாவி.

சிறுநீரக மருத்துவன் என்ற முறையில் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொரு வகை. டயாலிசிஸ் பிரிவின் வெளியே அமர்ந்திருக்கும் குடும்பத்தாரிடம் கனிவாகப் பேசத் தொடங்கும் ஒருவர், இரண்டு மூன்று நாள் கழித்து, “பட்டியலில் உங்கள் பெயரை மேலே கொண்டுவர ஆள் இருக்கிறார்” என்பார்; அல்லது சிறுநீரகம் தர ஒருவர் ஆயத்தமாக இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்பார். முதல் நாள் அவர் எதுவும் கேட்பதில்லை. தேநீர் வாங்கித் தருவார். மருந்துக் கடை வரிசையில் உங்களுக்காக நிற்பார். பெற்ற உதவிக்குக் கைம்மாறு செய்ய வேண்டும் என்ற நம் நல்லியல்பையே அவர் முதலீடாக்குகிறார். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, உறுப்புக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் தரகு செய்வதும் குற்றம். தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகள் அரசின் உறுப்பு மாற்று ஆணையம் வழியாகவே பகிர்ந்தளிக்கப்படுகின்றன. மருத்துவமனைதான் உங்களைப் பதிவு செய்யும். இரத்தத்திற்கும் இது பொருந்தும். இந்தியாவில் இரத்தத்தை விற்பதற்குத் தடை உண்டு. ‘டோனர்’ பிடித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரைப் பற்றி இரத்த வங்கியிலேயே தெரிவியுங்கள்.

“மருத்துவர்களாகிய நீங்களும் எங்களை அவசரப்படுத்துகிறீர்களே?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரவு இரண்டு மணிக்கு அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் நிலை எங்களுக்கு வருவதுண்டு. ஆனால் உண்மையான அவசரத்தில் இருப்பவர், நீங்கள் அண்ணனுக்குத் தொலைபேசியில் சொல்வதைத் தடுக்கமாட்டார். படிவத்தைப் படிக்க விடுவார். தம் பெயரையும் பிரிவையும் சொல்வார். பொய்யான அவசரமோ சரிபார்ப்பதைத்தான் முதலில் தடை செய்கிறது. “யாரிடமும் சொல்லாதீர்கள்”, “அழைப்பைத் துண்டிக்காதீர்கள்” என்ற சொற்கள் வந்தவுடன் துண்டித்துவிடலாம். காவல் அதிகாரியின் உடையில் காணொளியில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ செய்திருப்பதாக மிரட்டுவோரும் இதே வகையினர். நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது. அழைப்பைத் துண்டித்தபின், வந்த எண்ணுக்கே திரும்ப அழைக்காமல், உங்கள் சேர்க்கைச் சீட்டில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். அல்லது எழுந்து சென்று செவிலியரிடம் கேளுங்கள்.

வெளியார் மட்டுமே இவ்வாறு செய்வதில்லை என்பதையும் தயக்கத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. படுக்கையில் இருக்கும் முதியவரிடம் வெற்றுத்தாளில் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ கேட்கும் உறவினரும் உண்டு. இரத்தத்தில் யூரியா மிகுந்த நிலையிலும், மயக்க மருந்தின் தாக்கத்திலும் மனத்தெளிவு குன்றியிருக்கும். சொத்து, வங்கி தொடர்பான எதிலும் ஒப்பமிடும் நேரம் அதுவன்று. உறவை முறித்துக்கொள்ள மனமில்லை எனில், “டாக்டர் வேண்டாம் என்கிறார்” என்று பழியை எங்கள் மீது போட்டுவிடுங்கள். நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

பணம் ஏற்கெனவே போய்விட்டது எனில், வீட்டில் என்ன சொல்வார்களோ என்று எண்ணி ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்க வேண்டாம். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன்னரே அதை முடக்கும் வாய்ப்பு மிகுதி. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வையுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள். சில நாள்களுக்குப் பின், “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று இன்னொருவர் அழைக்கக்கூடும். பெரும்பாலும் அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவரே.