சாம்பல் நிறத்து உழவு இயந்திரம்: எந்த வகை என்று அறிவது எப்படி?

சாம்பல் நிறம் பூசிய பழைய பேர்குசன் உழவு இயந்திரங்கள் பத்தினை வரிசையாக நிறுத்தி, இவற்றுள் வேற்றுமை யாது என்று வினவினால், நம்மிற் பெரும்பாலோர் விடையின்றி விழிப்போம். பத்தும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே தோன்றும். ஆயினும் ஒன்று பெற்றோலில் ஓடும். இன்னொன்று மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளில் ஓடும். வேறொன்று டீசலில் ஓடும். ஒன்றின் எஞ்சின் உறுப்புகள் பல மற்றொன்றிற்குப் பொருந்தா. உழவு தொடங்கும் வேளையில் பொருந்தாத உதிரிப்பாகத்தை விலை கொடுத்து வாங்கி வந்த கமக்காரனுக்கே இவ்வேற்றுமையின் அருமை தெரியும்.

அயர்லாந்தில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர் ஹரி பேர்குசன். கலப்பையைப் பின்னே கட்டி இழுக்கும் முறையை விடுத்து, மூன்று இணைப்புகளால் அதனை இயந்திரத்தோடு பிணைத்து, எண்ணெய் அமுக்கத்தால் உயர்த்தவும் தாழ்த்தவும் அவர் வழி கண்டார். அம்முறையில் அமைந்த ரீ.ஈ.–20 இயந்திரங்களை இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஸ்ராண்டர்ட் மோட்டார் கொம்பனியார் 1946 முதல் 1956 வரை செய்தனர். அப்பத்தாண்டுகளில் வெளிவந்தவை 517,000க்கு மேற்பட்டவை. பழைய இயந்திரங்களைப் பேணுவோர் பலர் இன்றும் இவற்றைத் தேடி வாங்குகின்றனர். வாங்குமுன் எதனைப் பார்த்தல் வேண்டும்?

முதலிற் பார்க்கவேண்டியது, ஓட்டுபவர் முன்னுள்ள பலகையிற் பதித்த தகடு. அதில் எழுத்துகளும் ஓர் எண்ணும் உள. முதலிரண்டு எழுத்துகளும் ‘இங்கிலாந்து உழவு இயந்திரம்’ என்பதன் சுருக்கம். அவற்றை அடுத்து வருவதே வகையைச் சொல்லும் எழுத்து. அவ்வெழுத்து இல்லாத ரீ.ஈ.–20, தொடக்க காலத்தில் அமெரிக்கக் கொன்ரினென்டல் எஞ்சின் பூட்டி வந்தது. ரீ.ஈ.ஏ. என்பது ஸ்ராண்டர்ட் கொம்பனியின் சொந்தப் பெற்றோல் எஞ்சினைக் குறிக்கும். இது 1947இல் வந்தது. ரீ.ஈ.டீ. 1949இல் வந்த மண்ணெண்ணெய் வகை. ரீ.ஈ.எவ். 1951இல் வந்த டீசல் வகை. நெருங்கிய பயிர் வரிசைகளிடையே செல்வதற்கு ஒடுக்கமாகச் செய்தவற்றுக்கும் தனி எழுத்துகள் உண்டு.

எண்ணோ எல்லா வகைகளுக்கும் பொதுவாக ஒரே தொடராகச் சென்றது. ஆகவே எழுத்து வகையைச் சொல்ல, எண் ஆண்டினைச் சொல்லும். 200,000 என்ற எண் 1951ஆம் ஆண்டுக்கு உரியது; 100,000 என்பது 1949க்கு உரியது. இனி, 100,000 என்ற எண்ணோடு டீசலின் எழுத்தைத் தாங்கிய தகடு ஒன்றைக் கண்டால் நாம் என்ன முடிவு செய்வோம்? டீசல் வகை பிறப்பதற்கு முன்னரே அதற்கு எண் இட்டிருக்க முடியாது. அத்தகடு பொய் சொல்லுகிறது!

தகடு உண்மையானதாயினும் அதனோடு நின்றுவிடலாகாது. மூடியைத் திறந்து எஞ்சினையும் நோக்குதல் வேண்டும். தீப்பொறி தரும் பிளக்குகள் இருப்பின் அது டீசல் அன்று. எரிபொருள் தாங்கி சிறிதும் பெரிதுமாக இரண்டு அறைகள் கொண்டிருப்பின் மண்ணெண்ணெய் வகை என்று கொள்ளலாம். சிறிய அறையிலுள்ள பெற்றோலில் ஓட்டிச் சூடேறிய பின்னரே பெரிய அறைக்கு மாற்றுவர். சூடேறுமுன் மாற்றினால் ஆவியாகாத எரிபொருள் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகள் இன்றி, பீச்சும் பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் மெல்லிய குழாய் சென்றால் அது டீசல்.

தகடு ஒன்று சொல்ல எஞ்சின் வேறொன்று சொன்னால், இடையில் யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார் என்பது தெளிவு. அது குற்றமன்று, உழைத்த இயந்திரத்துக்கு வேறு எஞ்சின் பூட்டி உயிர் கொடுப்பது சிக்கனமே. ஆனால் அதனை மறைத்து, மாறாத பழம்பொருள் என்று விலை கூறுவதே குற்றம்.

நம் நாட்டு வயல்களுக்கு நன்கு பழக்கமான மாசி பேர்குசன் 35க்கும் இவ்விதி பொருந்தும். 1956இல் சாம்பல் நிற உடலும் வெண்கல நிற எஞ்சினுமாகப் பிறந்த இம்மாதிரி, 1957இன் இறுதியிற் சிவப்பு உடுத்தது. டீசல் வகையில் முதலில் இருந்தது ஸ்ராண்டர்ட் கொம்பனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின். 1959இல் அதனிடத்தைப் பேர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் பெற்றது. பெயரும் 35, நிறமும் சிவப்பு, எஞ்சின் மட்டும் வேறு. பம்பிலிருந்து செல்லும் குழாய்களை எண்ணுங்கள். நான்கா, மூன்றா என்பது தெரிந்துவிடும். கடைக்குப் போய் ‘முப்பத்தைந்துக்கு ஒரு சாமான் தாருங்கள்’ என்று மட்டும் கேட்பவர் பாதி விவரத்தையே சொன்னவராவார்.

மாணவர்களே, உங்கள் ஊரிற் பழைய உழவு இயந்திரம் ஒன்று நிற்குமாயின், உரியவரின் அனுமதியோடு அதன் தகட்டைத் துடைத்து வாசியுங்கள். பின்னர் எஞ்சினைப் பாருங்கள். இரண்டு சாட்சியங்களும் ஒத்திருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறத்தை ஒரு தூரிகை ஒரே நாளில் மாற்றிவிடும். ஆகையால் அதனைக் கடைசியாகவே கேளுங்கள்.