வருவோரை எண்ணும் வாயில்

நூலகத்தில் ஒருவரும் இல்லாதபோது விளக்குகள் தாமே அணையவேண்டும் என்பதே நமது நோக்கமாக இருந்தது. அதற்கு உள்ளிருப்போர் தொகை தெரியவேண்டும். கதவுநிலையின் ஒருபுறம் சிறு விளக்கு. எதிர்ப்புறம் காட்மியம் சல்பைடாலான ஒளியுணர் மின்தடை. ஒளி மறைந்தால் அதன் தடை கூடும்; அம்மாற்றத்தை நுண்கட்டுப்படுத்தி ஒன்றெனக் குறித்துக்கொள்ளும். எளிய வேலைதான். ஆயினும் வெளியேறுவோரையும் அது வருவோராகவே எண்ணிற்று!

எனவே வெளிப்புறம் 'அ', உட்புறம் 'ஆ' என இரு கண்கள் அமைத்தோம். இடைவெளி சுமார் 10 செ.மீ. போதும், மிகுந்தால் ஓர் உடல் இரண்டையும் ஒருசேர மறைக்காது. உள்ளே வருபவர் முதலில் 'அ'வை மறைப்பார், பின்பு இரண்டையும், பின்பு 'ஆ'வை மட்டும், இறுதியில் இரண்டும் ஒளிபெறும். இவ்வரிசை முழுமையாக நிகழ்ந்தால் மட்டுமே ஒன்று கூட்டப்படும். தலைகீழாக நிகழ்ந்தால் ஒன்று கழிக்கப்படும். குடையை வெளியே மறந்த நினைவு வந்து வாயிலிலேயே திரும்புபவர் 'அ'வில் தொடங்கி 'அ'விலேயே முடிப்பார். அவர் கணக்கில் சேரார்.

நொடிக்கு 1 மீட்டர் நடப்பவர் 10 செ.மீ. கடக்க 100 மில்லிநொடி ஆகும். இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051 வகைச் சில்லு, 12 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் பெரும்பாலான கட்டளைகளை ஓரிரு மைக்ரோநொடியில் முடித்துவிடும். ஆகவே தாமதம் மூளையில் அன்று, கண்ணில்தான். ஒளியுணர் மின்தடை விழித்துக்கொள்ளவே பல பத்து மில்லிநொடிகள் வேண்டும். ஓடிவருவோர் அதற்குள் நழுவிவிடுவர். அதனை நீக்கி, விரைந்து செயற்படும் ஒளி டிரான்சிஸ்டரையும் அகச்சிவப்பு விளக்கையும் பொருத்தினோம். மாலை வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு என்பதை மறந்திருந்தோம். மேற்கு நோக்கிய வாயிலில் கருவி குருடாயிற்று. உட்புறம் கருமை பூசிய குழாயினுள் கண்ணைப் பதித்தபின் சீராயிற்று.

எஞ்சிய குறையொன்று உண்டு. தோளோடு தோள் சேர்ந்து நுழையும் இருவரைக் கருவி ஒருவராகவே கொள்ளும். அவருள் ஒருவர் வெளியேறினால் எண் பூச்சியமாகும். மற்றவர் புத்தகமும் கையுமாக இருளில் அமர்ந்திருப்பார். ஒருவர் மட்டுமே செல்லுமாறு வழியைக் குறுக்கிப் பார்த்தோம்; பிழை குறைந்ததேயன்றி ஒழியவில்லை. ஆதலின் விளக்கை அணைக்கும் உரிமையைக் கருவியிடமிருந்து பெற்றுக்கொண்டோம். பூச்சியம் வந்தால் அது மணியடிக்கும். நூலகர் எழுந்து சென்று, மேசைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, விளக்கை அணைப்பார்.