வீட்டுக் கடனும் கைப்பணமும்

"வீட்டைக் கட்டிப் பார்" என்று சொன்ன நம் முன்னோர் இன்றிருந்தால், "கட்டிய வீட்டை வாங்கிப் பார்" என்று திருத்தியிருப்பார்கள். சென்னைக் குடும்பஸ்தர் இப்போது செங்கல்லோடும் கொத்தனாரோடும் மல்லுக்கு நிற்பது அபூர்வம். அந்தப் பாடு கட்டடக் கம்பெனியாரைச் சேர்ந்தது. நமது பாடெல்லாம் காகிதத்தோடும் கணக்கோடும்தான்.

இந்தக் கணக்கிலே ஒரு விசித்திரம் உண்டு. மாதத் தவணையை எண்ணியெண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ளாதவர் இல்லை. ஆனால் குடும்பங்கள் இடறி விழுவது, அநேகமாக, பாங்கி கொடுக்காத தொகையில்தான்.

தாம்பரத்துப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு புது வீடு. விலை 60 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். ரிஸர்வ் பாங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடன், வீட்டு விலையில் 80 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே மிஞ்சிப் போனால் 48 லட்சம் கிடைக்கும். பாக்கி 12 லட்சம் நம் பெட்டியிலிருந்து வர வேண்டும். அதோடு தீர்ந்ததா? 2023 டிசம்பரில் தமிழக அரசாங்கம் வகுத்த முறைப்படி, இந்த விலையுள்ள புது அடுக்குமாடி வீட்டின் முதல் கிரயத்துக்கு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 7 சதவிகிதம். அதாவது 4 லட்சத்து 20 ஆயிரம். இதை வீட்டு விலையில் சேர்த்துக் கடன் கணக்கிடப் பாங்கிக்கு அனுமதியில்லை. வீடு இன்னும் கட்டி முடியாவிட்டால் சரக்கு சேவை வரி 5 சதவிகிதம், 3 லட்சம். ஆகக் கூடி 19 லட்சத்து 20 ஆயிரம்! அலமாரியையும் மின்விசிறியையும் கிருகப்பிரவேச விருந்தையும் நாம் இன்னும் தொடவேயில்லை.

இத்தொகை கையில் இல்லாதவர் என்ன செய்கிறார்? முன்பணம் கொடுத்தாகிவிட்டது; பின்வாங்க மனமில்லை. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. போதாததற்கு, ஈடில்லாத கடன் ஒன்று, கூடுதல் வட்டிக்கு. வீட்டுக் கடனின் முதல் தவணை வருமுன்பே வேறு இரண்டு தவணைகள் வாசலில் வந்து நிற்கின்றன. பாங்கிக்காரரோ நம் கடன் வரலாற்றைப் பார்த்து, அவை போக மிஞ்சும் சம்பளத்துக்குத் தக்கபடி வீட்டுக் கடனையே குறைத்து விடுகிறார். இந்த வரலாற்றை ஒவ்வொரு கடன் தகவல் கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். என்றோ தீர்த்த கடன் பாக்கி என்று பதிவாகியிருந்தால், திருத்துவதற்கு நாள் பிடிக்கும். ஆகையால் வீடு தேடத் தொடங்கும்போதே வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

வட்டி 8½ சதவிகிதமானால், 48 லட்சத்துக்கு 20 வருஷத் தவணை மாதம் சுமார் 41,650 ரூபாய். 30 வருஷமாக நீட்டினால் 36,900 ஆகக் குறையும். குறைகிறதே என்று சந்தோஷப்பட வேண்டாம். மொத்தத்தில் 33 லட்சம் அதிகமாகக் கட்டுகிறோம்! தவணையைத் தாங்க முடியுமா என்று அறிய ஓர் உபாயம் உண்டு. இப்போது வாடகை 18,000 என்றால், தவணைக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசமான 23,650 ரூபாயை இன்றிலிருந்தே மாதந்தோறும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஒரு வருஷத்தில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் சேரும். மூன்றாம் மாதமே கை நடுங்கினால், சின்ன வீடாகப் பார்க்க வேண்டியதுதான்.

கட்டி முடியாத வீட்டில் இன்னொரு சங்கடம். பாதிக் கடனை, 24 லட்சத்தை, பாங்கி கட்டடக் கம்பெனியாரிடம் கொடுத்த நாளிலிருந்து மாதம் 17,000 வட்டி ஓடும். குடியிருக்கும் வீட்டின் வாடகையும் நிற்காது. ஆகவே, கட்டி முடிந்து அதற்குரிய சான்றிதழும் பெற்ற வீடு, விலை சற்று ஏறினாலும் மேல் என்பது என் கட்சி. வரி இல்லை, இரட்டைச் செலவு இல்லை. குழாயைத் திறந்து பார்த்தே வாங்கலாம்.

கட்டி முடியாததையே வாங்குவோருக்கு 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் துணை நிற்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதிகமாகக் கேட்டால், முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.