காலம் தவறாக் கட்டளை

குறிகட்டுவான் துறையில் நெடுந்தீவுப் படகைத் தவறவிட்டவர், ஒரு நிமிடம் பிந்தினும் ஒரு மணி பிந்தினும் கரையிலேயே நிற்பார். இயந்திரங்களை ஆளும் கணினிக்கும் இஃதே நியதி: பிந்திய விடை பிழையான விடையே.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றில் வெயில், காற்று, மின்கலம், டீசல் என்பவற்றை இணைக்கும் மின்நிலையங்களை அமைக்க, இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இத்தகைய நிலையத்தில் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை அலைவுறும். ஓர் அலைவுக்கு 20 மில்லிவிநாடியே. முகில் மூடி வெயில் குன்றினால், குறையை மின்கலம் ஈடுசெய்வதற்கான கட்டளை உரிய கணத்தில் பிறத்தல் வேண்டும். தாங்கிப் பிடிக்கப் பெருநிலத்து மின்கம்பி இல்லாத தீவில், தாமதம் மருத்துவமனை விளக்கையும் அணைத்துவிடக்கூடும்.

ஆதலின் வல்லுநர் மென்பொருளின் சராசரி வேகத்தை நம்புவதில்லை. மிக நெருக்கடியான வேளையில் அது எவ்வளவு பிந்தும் என்றே அளக்கின்றனர். அவசரப் பணிக்கு முதலிடம் தந்து, பதிவேடு எழுதல் போன்றவற்றை ஓய்வு வேளைக்கு ஒதுக்குகின்றனர். அவசரப் பணிக்கு வேண்டியதொன்றைச் சிறுபணி பற்றியிருந்தால், அதனை விரைந்து விடுவிக்கச் சிறுபணிக்கும் தற்காலிகமாக முன்னுரிமை தருகின்றனர். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி இடையிடையே நின்று மீளத் தொடங்கியபோது, அதனைச் சீராக்கியதும் இம்முறையே. விரைவினும் தவறாமை பெரிது.