மலை உச்சியில் வாங்கும் கடன்

“உங்கள் எடை என்ன? உண்மையைச் சொல்லுங்கள்.”

மாணவர்களே, கனடாவில் ஹெலிகாப்டர் ஏறி மலைச்சைக்கிள் ஓட்டச் செல்பவர்களிடம் வழிகாட்டி முதலில் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பெயரைக் கேட்பதுபோல் கூச்சமில்லாமல் கேட்பார். சில இடங்களில் நம் வாய்ச்சொல்லை நம்பாமல் தராசில் ஏற்றியும் பார்த்துவிடுவார்கள். முதுகுப்பை, தண்ணீர்ப் புட்டி, சைக்கிள் என எல்லாமே கணக்கில் ஏறும்.

சென்ற மாதம் என் படிவம் நான்கு வகுப்பில் ஒரு கணக்கிற்காக ஒவ்வொருவரையும் தம் எடையைத் தாளில் எழுதச் சொன்னேன். பிறகு தராசைக் கொண்டுவந்து வைத்தேன். சிலர் நான்கைந்து கிலோவைக் குறைத்து எழுதியிருந்தனர். வகுப்பில் அது சிரிப்போடு முடிந்தது. மலை உச்சியில் அப்படி முடியாது. ஏன் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

எங்கே இந்தப் பயணம்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், வான்கூவர் நகருக்கு வடக்கே தெற்குச் சில்கோடின் மலைகள் உள்ளன. ஒரு காலத்தில் பழங்குடி மக்களும், தங்கம் தேடி வந்தவர்களும், குதிரையில் சுமை ஏற்றிச் சென்றவர்களும் நடந்த ஒற்றையடிப் பாதைகளில் இன்று மலைச்சைக்கிள்கள் ஓடுகின்றன. உச்சிப் பகுதிகளுக்குச் சாலை கிடையாது. கைப்பேசித் தொடர்பும் கிடைக்காது. கோடைக்காலத்தில் சிலர் மிதித்தே ஏறுவார்கள். சிலர் ஏரியில் இறங்கும் மிதவை விமானத்தில் வருவார்கள். இன்னும் சிலர் ஹெலிகாப்டரில் மேலே போய், வழிகாட்டியோடு இரண்டு மூன்று நாள் தங்கித் தங்கி இறங்குவார்கள்.

நாள் முழுவதும் மூச்சு வாங்க மிதித்து ஏற வேண்டிய உயரத்தை ஹெலிகாப்டர் பத்துப் பதினைந்து நிமிடத்தில் கொடுத்துவிடுகிறது. ஆனால், அந்த உயரம் இலவசம் அன்று. அது ஒரு கடன். கடனை வாங்கும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும்; திருப்பிக் கொடுக்கும்போதும் கணக்குப் பார்க்க வேண்டும்.

மெலிந்த காற்றும் கூடுதல் கிலோவும்

ஹெலிகாப்டர் எப்படிப் பறக்கிறது? அதன் இறக்கைகள் சுழன்று காற்றைக் கீழே தள்ளுகின்றன. காற்று பதிலுக்கு இறக்கைகளை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிதான். கீழே தள்ளக் காற்று குறைவாக இருந்தால் மேலே கிடைக்கும் விசையும் குறையும்.

கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 2300 மீட்டர் உயரத்தில் அது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, ஐந்தில் ஒரு பங்கு காற்று காணாமல் போய்விடுகிறது. இறக்கைக்குப் பிடிமானம் குறைவதோடு, இயந்திரத்திற்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. வெயில் நாளில் காற்று விரிவடைந்து இன்னும் மெலிந்துவிடும். குளிர்ந்த காலையில் எளிதாகத் தூக்கிய சுமையைச் சூடான பிற்பகலில் அதே ஹெலிகாப்டர் தூக்கத் திணறலாம்.

மலைப்பகுதிகளில் அதிகம் பயன்படும் ஏ.எஸ்.350 பி3 வகை ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். காலியாக இருக்கும்போது அதன் எடை ஏறத்தாழ 1200 கிலோ. சுமையோடு அதன் உச்ச எடை ஏறத்தாழ 2250 கிலோ. 2005ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் பிரான்சு நாட்டு விமானி டிடியே டெல்சால் இதே வகை ஹெலிகாப்டரை எவரெஸ்ட் உச்சியில் இறக்கி, ஏறத்தாழ நான்கு நிமிடம் நிறுத்திக் காட்டினார். எப்படி முடிந்தது? தேவையில்லாத பாகங்களையெல்லாம் கழற்றி எடையைக் குறைத்த பிறகே அவர் பறந்தார். அந்த உயரத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் விலை உண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து கிலோவை மறைக்கிறார்கள். பைக்குள் ஆளுக்கு மூன்று கிலோவைச் சொல்லாமல் திணிக்கிறார்கள். மொத்தம் 40 கிலோ. விமானிக்குத் தெரியாமல் ஒரு சிறுவனை ஏற்றியதற்குச் சமம். எடையைக் கேட்பது நம்மை வெட்கப்படுத்த அன்று. எல்லாரும் பத்திரமாக இறங்கத்தான்.

இறங்கிய பிறகும் ஒரு விதி உண்டு. விமானியின் பார்வை படும் முன்பக்கமாகவே, குனிந்தபடி நடக்க வேண்டும். வால் பக்கம் போகவே கூடாது. அங்கே வேகமாகச் சுழலும் சிறிய இறக்கை கண்ணுக்குத் தெரியாது. சரிவில் நிற்கும் ஹெலிகாப்டரை மேட்டுப் பக்கத்திலிருந்தும் நெருங்கக் கூடாது. அந்தப் பக்கத்தில் தரை உயர்ந்திருப்பதால் பெரிய இறக்கை தலைக்கு மிக அருகில் சுழலும்.

ஒரு மனிதர், 14 லட்சம் ஜூல்

ஹெலிகாப்டர் போய்விட்டது. சத்தம் அடங்குகிறது. நீங்கள், உங்கள் சைக்கிள், கீழே போகும் பாதை. கடன் இப்போது உங்கள் பெயரில்.

உங்கள் எடை, சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்றும், அன்று 1500 மீட்டர் இறங்கப் போகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். நிலைச் சக்தியைக் கணக்கிடப் பொருண்மை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும்: 95 × 9.8 × 1500. விடை ஏறத்தாழ 14 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும்.

சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, உருமாற்றத்தான் முடியும். தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இந்த 14 லட்சமும் முழுவதும் இயக்கச் சக்தியாக மாறினால், அடிவாரத்தில் உங்கள் வேகம் மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டும்! அப்படி நடக்கவில்லை என்றால் சக்தி வேறு எங்கோ போயிருக்க வேண்டும். ஒரு பங்கு காற்றைத் தள்ளுவதில் போகிறது. ஒரு பங்கு சக்கரத்திலும், மண்ணிலும், அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனிலும் போகிறது. மீதி எல்லாம் பிரேக்கில் வெப்பமாகிறது.

கேமரன் மலையிலிருந்து தாப்பா நோக்கி இறங்கும்போது பேருந்துக்குள் ஒரு கருகல் வாடை வரும், நினைவிருக்கிறதா? ஏறக்குறைய 1400 மீட்டர் இறக்கம் அது. அந்த வாடைக்குக் காரணம் பிரேக் வெப்பம். குறைந்த கியரில் ஓட்டுங்கள் என்று சாலையோரப் பலகைகள் சொல்வது இதற்காகத்தான். குறைந்த கியரில் இயந்திரமே வண்டியைத் தடுத்துப் பிரேக்கின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகள்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும்.

அந்தத் தட்டுகள் ஒவ்வொன்றும் 200 கிராம் என்று கொள்வோம். கடனில் பாதி, அதாவது 7 லட்சம் ஜூல், அவற்றில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டால் வெப்பநிலை 3500 பாகை செல்சியஸ் உயர வேண்டும். எஃகோ 1500 பாகையை ஒட்டியே உருகிவிடும். தட்டுகள் உருகாமல் இருக்கக் காரணம், அவை வெப்பத்தை உடனுக்குடன் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காவிட்டால்?

பிரேக் பிடி தளர்ந்த நாள்

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நண்பரிடம் இரவல் வாங்கிய மலைச்சைக்கிளில் ஒரு நீண்ட தோட்டச் சாலையில் இறங்கினேன். பயத்தில் மேலிருந்து கீழ்வரை பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தேன். அதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். பாதி வழியில் பிடி இளகியது. அடுத்த வளைவில் அது கைப்பிடியையே தொட்டுவிட்டது, சக்கரமோ நிற்கவில்லை. புல் மேட்டில் சைக்கிளை ஏற்றி விழுந்ததால் சிராய்ப்போடு தப்பினேன். எழுந்து, என்ன ஆயிற்று என்று பார்க்கத் தட்டைத் தொட்டேன். விரல் நுனி கொப்பளித்ததுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். பிடியை அழுத்தும்போது குழாய்க்குள் இருக்கும் திரவம் அந்த விசையைப் பிரேக் கட்டைகளுக்குக் கொண்டு செல்கிறது. திரவத்தை எளிதில் அமுக்க முடியாது; அதனால்தான் விசை அப்படியே போய்ச் சேர்கிறது. ஆனால், திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவியை அமுக்கலாம். நீங்கள் அழுத்துவது குமிழிகளைத்தான். பிரேக் கட்டைகளுக்கு விசை போய்ச் சேர்வதில்லை.

டாட் 4 வகைப் பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஆனால், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த நிலையில் தரவிதி கேட்கும் அளவே 155 பாகைதான். நண்பரின் சைக்கிளில் திரவத்தை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வேறு சில சைக்கிள்களில் கனிம எண்ணெய் இருக்கும். அது ஈரத்தை உறிஞ்சாது. ஆனால், உள்ளே புகுந்த நீர்த்துளி எண்ணெயோடு கலக்காமல் தாழ்ந்த பகுதியில் தேங்கி, 100 பாகையிலேயே கொதித்துவிடும்.

அதனால்தான் மலை வழிகாட்டிகள் ஒவ்வொரு காலையிலும் பிரேக்குகளைச் சோதிக்கிறார்கள். வளைவுக்கு முன்பே அழுத்தமாகப் பிடித்து, பிறகு விட்டுவிடச் சொல்கிறார்கள். விட்ட நேரத்தில் தட்டு ஆறுகிறது. நேர்ப்பாதையில் வேகம் சற்றுக் கூடும்போது காற்றும் கடனில் பெரிய பங்கைக் கட்டிவிடுகிறது. ஏனெனில் வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். இடையிடையே எல்லாரையும் நிறுத்தி, “காட்சியைப் பாருங்கள்” என்பார்கள். காட்சி அழகுதான். அந்த ஐந்து நிமிடத்தில் தட்டுகளும் ஆறும், கைகளும் ஆறும்.

உடம்பும் கடன் கட்டும்

உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். பள்ளத்தாக்கில் 22 பாகை என்றால், அதைவிட 1500 மீட்டர் உயரத்தில் 12 பாகைதான். சிறிய ஏற்றம் ஒன்றில் மிதித்து வியர்த்த சட்டையோடு காற்றில் இறங்கினால் என்ன ஆகும்? அரை லிட்டர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 12 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பங்கு உங்கள் உடம்பிலிருந்தே போகும். விரல்கள் மரத்துப் போகும். பிரேக்கைப் பிடிக்க வேண்டியவை அதே விரல்கள்தான். பைக்குள் ஓர் உலர்ந்த சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலாடையும் இருந்தே ஆக வேண்டும்.

மேகம் மூடிவிட்டால் ஹெலிகாப்டர் திரும்பி வர முடியாது. கால் முறிந்தவரும் மேகம் விலகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் வழிகாட்டியின் பையில் செயற்கைக்கோள் தொலைபேசியும் முதலுதவிப் பெட்டியும் இருக்கும். கிரிஸ்லி கரடிகள் வாழும் காடு என்பதால் கண் மறையும் வளைவுகளில் குரல் கொடுத்தபடியே போவார்கள். மனிதர் வருவது முன்பே தெரிந்தால் கரடி பெரும்பாலும் விலகிவிடும்.

இன்னொரு கணக்கு

இந்த வகை ஹெலிகாப்டர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 180 லிட்டர் எரிபொருளைக் குடிக்கும். போய் வரக் கால் மணி நேரம் என்றால் 45 லிட்டர். ஒரு லிட்டரில் ஏறத்தாழ 3.5 கோடி ஜூல் உள்ளது. ஐந்து பேருக்கும் கிடைத்த உயரத்தின் சக்தியோடு ஒப்பிட்டால், எரித்த சக்தியில் ஆயிரத்தில் ஐந்து பங்குகூட உயரமாக மாறவில்லை. மீதி காற்றைக் கலக்கியதிலும், சத்தத்திலும், வெப்பத்திலும் போயிற்று. கூடவே நூறு கிலோவுக்கும் மேல் கரிமவாயு காற்றில் கலந்தது.

அதே உயரத்தை மிதித்து ஏறினால்? நல்ல பயிற்சி உள்ளவருக்கு இரண்டரை மணி நேரத்திற்கும் மேல் ஆகும். தசை, உணவின் சக்தியில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். அந்தக் கணக்கில் தேவைப்படும் கூடுதல் உணவு நான்கைந்து ரொட்டி சானாய்! மிதித்து ஏறியவர் தம் கடனைத் தாமே முன்கூட்டிக் கட்டிவிட்டார். ஹெலிகாப்டரில் ஏறியவரின் கடனில் ஒரு பகுதியை மலைக்காற்று சுமக்கிறது. இதில் எது உங்களுக்குச் சரியாகப் படுகிறது என்பதை வகுப்பில் விவாதித்துப் பாருங்கள்.

நீங்கள் செய்து பார்க்க

உங்கள் உண்மையான எடையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அடுக்குமாடியில் பத்து மாடி ஏறுவதற்கு 30 மீட்டர் உயரம் எனக் கொள்ளுங்கள். 50 கிலோ உள்ளவருக்கு 50 × 9.8 × 30 = 14,700 ஜூல். அதாவது, அந்த மலைக்கடனில் நூறில் ஒரு பங்கு. படியேற எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, ஜூலை வினாடியால் வகுத்தால் உங்கள் திறன் வாட் கணக்கில் கிடைக்கும்.

பிறகு உங்கள் சைக்கிளின் பிரேக் பிடியை அழுத்திப் பாருங்கள். அது கைப்பிடி வரை வருகிறதா? வந்தால், அடுத்த மேட்டில் ஏறுவதற்கு முன் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.